சாலை விபத்தில் ஒருவரை இழந்த குடும்பம்: இழப்பீட்டு வழக்கு, முதல் நாளிலிருந்து பணம் கைக்கு வரும்வரை

என் அக்கா கணவர் டீக்கடை வைத்திருந்தவர். விடிகாலையில் பால் எடுக்கப் போனபோது லாரி மோதி இறந்துபோனார். காரியம்கூட முடியவில்லை, மூன்றாம் நாள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். பிணவறை வாசலிலேயே எங்கள் முகவரியை விசாரித்து வாங்கிவிட்டிருக்கிறார். "கேஸ் நாங்க பாத்துக்குறோம்மா, இந்த நாலு இடத்துல கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். அக்கா பேனாவை வாங்கக் கை நீட்டினாள். அந்த நாலு தாளில் ஒன்று, எதுவும் எழுதாத வெற்றுத்தாள்.

அன்று அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, "பதினாறு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு நீதிமன்ற வராந்தாக்களில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியது. சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான மோட்டார் வாகனச் சட்டம், 1988.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

விபத்து நடந்தால் இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று, போலீஸ் போடும் குற்ற வழக்கு. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, பழைய 304-ஏ. அதில் டிரைவருக்குத் தண்டனை கிடைக்கலாம், குடும்பத்துக்குப் பணம் வராது. இன்னொன்று, குடும்பம் போட வேண்டிய இழப்பீட்டு வழக்கு. இதை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். நம் நீதிமன்றங்களில் இதற்கு எம்.சி.ஓ.பி. என்று எண் போடுவார்கள். சென்னையில் இது சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும். மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், இதற்கென்றே உள்ள சிறப்பு நீதிமன்றம் என்று ஊருக்கு ஊர் மாறும்.

"டிரைவர் விடுதலையாகிவிட்டான், இனி ஒன்றும் கிடைக்காது" என்று சிலர் மனம் விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். உச்ச நீதிமன்றம் 2009-இல் பிம்லா தேவி வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

முதல் பத்து நாள்: காகிதம் சேர்க்கும் வேலை

துக்க வீட்டில் இதைச் சொல்வதற்கே சங்கடமாக இருக்கும். ஆனால் குடும்பத்தில் யாராவது ஒருவர், மைத்துனரோ சித்தப்பாவோ, ஒரு ஃபைல் வாங்கி இந்த வேலையைக் கையில் எடுத்தே ஆக வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவர் இலவசமாகவே பெறலாம். வாங்கியதும் வரி வரியாகப் படியுங்கள். வண்டி எண் சரியா? விபத்து நடந்த விதம் சரியா? "நிலை தடுமாறித் தானாக விழுந்தார்" என்று ஒரு வரி இருந்தால் பின்னால் வழக்கே அதில் சிக்கிக்கொள்ளும். தவறு இருந்தால் நேரில் பார்த்தவர்களின் விவரத்தோடு காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்தில் கடையோ பெட்ரோல் பங்க்கோ இருந்தால் சிசிடிவி பதிவை எடுக்கச் சொல்லி, அதையும் எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் சில நாட்களிலேயே பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும்.

அப்புறம் பிரேதப் பரிசோதனை அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் பார்த்து எழுதும் குறிப்பு), வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பின்னால் வரும் குற்றப்பத்திரிகை. சில நாள் சிகிச்சையில் இருந்து இறந்தவர் என்றால், முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலும் எல்லா பில்களும் வேண்டும். விபத்துக்கும் மரணத்துக்கும் நடுவே இருபது நாள் இடைவெளி இருந்தால், "அவர் வேறு நோயால் இறந்தார்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பிரேதப் பரிசோதனையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உடலை வாங்கி வந்த குடும்பங்கள் இங்கேதான் திணறுகின்றன.

இறப்புச் சான்றிதழுக்கும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழுக்கும் உடனே விண்ணப்பியுங்கள். மோதிய வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் விவரத்தை வண்டி எண்ணை வைத்து மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் மனுவை நீங்கள் போடுங்கள். ஆனால் ஸ்டேஷனுக்குப் போகும்போது அந்த அறிக்கைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

யார் கேட்கலாம்?

சட்டம் "சட்டப்பூர்வப் பிரதிநிதி" என்கிறது. வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், தாய், தந்தை கேட்கலாம். இறந்தவரை நம்பி வாழ்ந்த தம்பி தங்கையும் கேட்கலாம். கல்யாணமாகிப் போன மகளும் மனுதாரராகலாம் என்று 2007-இல் மஞ்சுரி பேரா வழக்கிலும், மருமகனோடு ஒரே வீட்டில் வாழ்ந்த மாமியார் கேட்கலாம் என்று 2021-இல் ஜெயஸ்ரீ வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மனைவி ஒரு பக்கம், மாமனார் மாமியார் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். கோபம் இருக்கலாம், ஆனால் மனு ஒன்றாகவே இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பாயமே பிரித்துக் கொடுக்கும். கையெழுத்துப் போட மறுப்பவரை எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடலாம்.

எந்த வழியில் போவது?

மோதிய வண்டி தெரியும், தவறு அந்த டிரைவர் மீது என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு. முழு இழப்பீடு கிடைக்கும் பாதை இதுதான். யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் மரணத்துக்கு 5 லட்சம் தரும் 164-ஆவது பிரிவும் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: இன்சூரன்ஸ் கம்பெனி 164-இன்படி தருவதை உரிய முறையில் ஏற்றுக்கொண்டுவிட்டால், 166-இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். முப்பது லட்சம் வரவேண்டிய குடும்பம் ஐந்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. கம்பெனி ஆள் நீட்டும் எந்தச் சம்மதப் படிவத்தையும் உங்கள் வக்கீல் பார்க்காமல் தொடாதீர்கள்.

மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால், மத்திய அரசின் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம். வருவாய்த் துறையின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலை அதிகாரி விசாரிப்பார். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது: எஃப்.ஐ.ஆர். பதிந்து ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்தத் திட்டத்தில் பணம் கேட்கலாம் என்பதை ஸ்டேஷன் பொறுப்பாளரே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் இந்த உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள்.

வேலை நேரத்தில், வேலை நிமித்தமாக இறந்தவர் என்றால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் கேட்கலாம். இரண்டிலும் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வண்டியைத் தானே ஓட்டி, தன் தவறாலேயே இறந்தவர் என்றால் 166-இல் வழியில்லை. அப்போது அவருடைய பாலிசியில் சொந்தக்காரர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். 15 லட்சத்துக்கான காப்பு அது. எல்லாக் குடும்பங்களுமே இறந்தவரின் பாஸ்புக்கை ஒருமுறை புரட்டுவது நல்லது. வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா; 2 லட்சம் உண்டு. வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வங்கியில் சீக்கிரம் கேட்டுவிடுங்கள்.

எங்கே, எப்போது?

விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இந்த மூன்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். கிருஷ்ணகிரியில் நடந்த விபத்துக்குத் திருநெல்வேலிக் குடும்பம் கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டியதில்லை.

கெடு ஆறு மாதம். 2019 திருத்தத்தில் வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டு, கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. ஆறு மாதம் கடந்துவிட்டவர்கள் அதைச் சொல்லி வக்கீலிடம் உடனே பேசுங்கள். கடக்காதவர்கள் அந்த உத்தரவை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

வழக்கின் உயிர்: மாத வருமானம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இழப்பீடு மனம்போன போக்கில் போடும் தொகை கிடையாது. அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கின் முதல் எண், இறந்தவரின் மாத வருமானம்.

சம்பளக்காரர் என்றால் சுலபம்: சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, படிவம் 16. சிறு கம்பெனியில் லெட்டர்பேடில் எழுதித் தரும் சம்பளச் சான்று மட்டும் போதாது. அதைக் கொடுத்தவர் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். வருவாரா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கூலி வேலை, சொந்தத் தொழில் செய்தவர்களுக்குத்தான் கஷ்டம். சான்று இல்லையென்றால் தீர்ப்பாயம் உத்தேசமாக ஒரு வருமானம் வைக்கும். 2004-இல் நடந்த விபத்தில் ஒரு கூலித் தொழிலாளிக்கு மாதம் 4,500 என்றும், 2008 விபத்தில் ஒரு காய்கறி வியாபாரிக்கு 6,500 என்றும் உச்ச நீதிமன்றம் வைத்திருக்கிறது. அவர்கள் எந்த ரசீதும் காட்ட வேண்டியதில்லை என்று அந்தத் தீர்ப்புகள் பரிவோடுதான் பேசுகின்றன. ஆனாலும் உத்தேசம் என்பது பெரும்பாலும் உண்மையான வருமானத்தைவிடக் குறைவாகவே வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் கடையைக் காலி செய்தபோது பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டோம். கடை வருமானத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கடைசியில் உதவியது பால்காரரின் கணக்கு நோட்டு. தினம் இத்தனை லிட்டர் என்று மூன்று வருடத்துக்கு அவர் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். கோர்ட்டுக்கு வந்து சாட்சியும் சொன்னார். அவருக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது.

அதனால் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கூகுள் பே பட்டியல், கடை வாடகை ரசீது, சரக்கு பில், நல வாரிய அட்டை, சீட்டுப் பணம் கட்டிய புத்தகம், மகளிர் குழுக் கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். மாதம் ஆறாயிரம் தவணை கட்டியவர் ஏழாயிரம் மட்டுமே சம்பாதித்தார் என்று யாரும் வாதாட முடியாது.

வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண் இறந்தால்? "சும்மாதான இருந்தாங்க" என்று சொந்தக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன், எனக்குத் தாங்காது. உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில், வீட்டு வேலைக்கும் உத்தேச வருமானம் வைக்க வேண்டும், எதிர்கால உயர்வையும் சேர்க்க வேண்டும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. அவர் தையல் தைத்தாரா, மாடு வைத்திருந்தாரா, மாமியாருக்குப் பணிவிடை செய்தாரா, எல்லாவற்றையும் மனுவில் எழுதுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சரளா வர்மா வழக்கும் (2009) பிரணய் சேத்தி வழக்கும் (2017) சேர்ந்து வகுத்த முறை இது. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 34 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 18,000. அவரை நம்பி மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என்று நாலு பேர்.

முதலில் எதிர்கால உயர்வு. சொந்தத் தொழில் செய்தவர், அல்லது உயர்வில்லாமல் ஒரே சம்பளம் வாங்கியவர் 40 வயதுக்குக் கீழ் என்றால் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10. நிரந்தர வேலையில் இருந்தவருக்கு இதே வரிசையில் 50, 30, 15. நம் கொத்தனாருக்கு 18,000-உடன் 7,200 சேர்த்து 25,200.

அடுத்து, அவர் தனக்கென்று செலவழித்திருப்பார் என்று கழிப்பது. சார்ந்தவர்கள் 2 அல்லது 3 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, 4 முதல் 6 வரை கால் பங்கு, அதற்கு மேல் ஐந்தில் ஒன்று. கல்யாணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. இங்கே கால் பங்கு போக 18,900. வருடத்துக்கு 2,26,800.

இதை வயதுக்கான பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 15 முதல் 25 வயது வரை 18, 26–30-க்கு 17, 31–35-க்கு 16, 36–40-க்கு 15, 41–45-க்கு 14, 46–50-க்கு 13, 51–55-க்கு 11, 56–60-க்கு 9, 61–65-க்கு 7, அதற்கு மேல் 5. கொத்தனாருக்கு 16. ஆக 36,28,800.

இதற்கு மேல், துணையை இழந்ததற்கும், பெற்றோரை, பிள்ளையை இழந்ததற்கும் ஆளுக்கு ஒரு தொகை. 2017-இல் 40,000 என்று வைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னார்கள். 2023 கணக்கில் 48,400. நாலு பேருக்கு 1,93,600. ஈமச் செலவுக்கு 18,150, சொத்து இழப்புக்கு 18,150. மொத்தம் 38,58,700. மனு போட்ட நாளிலிருந்து வட்டி தனி. 7.5 சதவீதம் என்று வைத்தாலே வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 89 ஆயிரம்.

இப்போது அதே கொத்தனாருக்கு வருமானச் சான்று இல்லை, தீர்ப்பாயம் 12,000 வைத்தது என்று பாருங்கள். 36,28,800 என்பது 24,19,200 ஆகிவிடும். 12 லட்சம் போய்விட்டது. பால்காரர் நோட்டு பற்றி நான் ஏன் இவ்வளவு பேசினேன் என்று புரியும்.

வயதிலும் கவனம் வேண்டும். ஆதாரில் உள்ள பிறந்த தேதி பலருக்குத் தப்பாக இருக்கும். வயதைத் தீர்மானிக்க ஆதாரைவிடப் பள்ளி மாற்றுச் சான்றிதழையே எடுத்துக்கொள்ளலாம் என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்ப்பது இறந்தவரின் வயதைத்தான். கல்யாணமாகாத பையன் இறந்தால் அம்மாவின் வயதுக்குப் பெருக்கு எண் கேட்பார்கள், ஒத்துக்கொள்ள வேண்டாம்.

எல்.ஐ.சி. பணம், குடும்ப ஓய்வூதியம், பி.எஃப்., கருணை அடிப்படை வேலை, இவை எதையும் இழப்பீட்டிலிருந்து கழிக்க முடியாது. ஹெலன் ரெபெல்லோ (1998), விமல் கன்வர் (2013) தீர்ப்புகளைச் சொல்லச் சொல்லுங்கள். மனுவில் நீங்கள் குறைவாகக் கேட்டிருந்தாலும், நியாயமான தொகை அதைவிடக் கூடுதல் என்றால் தீர்ப்பாயம் கூடுதலாகத் தரலாம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்?

"டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, எங்களுக்குப் பொறுப்பில்லை" என்பது இன்சூரன்ஸ் கம்பெனியின் வழக்கமான வாதம். பெரும்பாலும் தீர்ப்பாயம், முதலில் குடும்பத்துக்குக் கொடு, அப்புறம் வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று கம்பெனிக்கு உத்தரவிடும். "ஒரே பைக்கில் மூன்று பேர் போனார்கள்" என்பார்கள். அது சட்டப்படி தவறுதான். ஆனால் விபத்துக்கு அதுதான் காரணம் என்று காட்டினால் ஒழிய அதற்காக இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் முடிவானது. ஹெல்மெட் வாதமும் வரும். இறந்தது வயிற்றுக் காயத்தால் என்று பிரேதப் பரிசோதனை சொன்னால் அந்த வாதம் நிற்காது.

இரண்டு வண்டிகள் மோதி, நடுவில் பஸ் பயணி இறந்தால், இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டும். அந்தச் சண்டை உங்களுடையது இல்லை. முழுத் தொகையையும் எந்த ஒரு தரப்பிடமும் கேட்கலாம்.

உண்மையிலேயே சிக்கலான இடங்களும் உண்டு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவர், ஓட்டியவரின் தவறால் இறந்தால், அந்த பைக்குக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கம்பெனி தப்பித்துக்கொள்ளும். சரக்கு வண்டியில் ஓசியில் ஏறிப் போனவருக்கும் இதே நிலைதான்.

விசாரணையும் மக்கள் நீதிமன்றமும்

முதல் சாட்சி பெரும்பாலும் மனைவிதான். அக்கா மூன்று நாள் தூங்கவில்லை. குறுக்கு விசாரணையில் கேட்பது சில கேள்விகள்தான்: விபத்தை நேரில் பார்த்தீர்களா, வருமானத்துக்கு ஆதாரம் உண்டா, மறுமணம் செய்துகொண்டீர்களா. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். அதற்குத்தான் நேரில் பார்த்தவர் இரண்டாம் சாட்சியாக வருகிறார்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அழைப்பார்கள். சீக்கிரம் முடியும், நல்ல வழிதான். ஆனால் அங்கே எழுதினால் மேல்முறையீடு கிடையாது. மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களோடு ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பத்து சதவீதம் குறைந்தால் யோசிக்கலாம். பாதி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வக்கீல் கட்டணம் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கட்டணத்தை முன்பே ரூபாயில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100.

தீர்ப்புக்குப் பிறகு

30 நாளுக்குள் எதிர்த்தரப்பு பணத்தைக் கட்ட வேண்டும். தொகை குறைவு என்று நினைத்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கம்பெனியும் செய்யலாம். அப்படிச் செய்தாலும் டெபாசிட் செய்த தொகையில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேளுங்கள்.

கட்டவில்லை என்றால் நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பை நடைமுறைப்படுத்தச் சொல்லிப் போடும் மனு. அரசு பஸ் விபத்துகளில் போக்குவரத்துக் கழகமே பணம் தர வேண்டும். இழுத்தடித்தால் கோர்ட் அமீனா பஸ் நிலையத்துக்கே போய்ப் பேருந்தை ஜப்தி செய்வார். பேப்பரில் அடிக்கடி வரும் அந்தப் படத்துக்குப் பின்னால் வருடக்கணக்காகக் காத்திருந்த ஒரு குடும்பம் இருக்கும்.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வரட்டும். கணக்கைத் தேசிய வங்கியில் மனுதாரர் பெயரிலேயே தொடங்கி, பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் காசோலைப் புத்தகத்தையும் வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கேட்பவரிடம் மறுத்துவிடுங்கள். மைனர் பிள்ளைகளின் பங்கு அவர்களுக்கு 18 வயதாகும்வரை வைப்புத் தொகையில் இருக்கும். படிப்புச் செலவுக்கு நடுவில் தேவைப்பட்டால் தீர்ப்பாயத்தில் மனு போட்டு எடுக்கலாம். அக்கா மகன் பாலிடெக்னிக் சேர்ந்தபோது அப்படித்தான் எடுத்தோம்: கல்லூரியின் கட்டண விவரச் சீட்டு, வைப்பு ரசீதின் நகல், வழக்கு எண், மனு. இவ்வளவுதான் கேட்டார்கள்.